கொங்கு வெயிலில் சேற்றுச் செடிகள்: எதை வளர்ப்பது, எங்கே வாங்குவது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாராவது வீட்டில் சதுப்பு நிலச் செடி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால், "குடிக்கவே தண்ணி காணமுங்க, இதுல சேறு வேறயா?" என்றுதான் பதில் வரும். கேள்வி நியாயமானதுதான். மலை மறைவில் கிடக்கும் நாடு இது. கோவை நகரத்துக்கே வருடத்தில் 600, 700 மில்லிமீட்டர் மழைதான். கிழக்கே காங்கேயம், தாராபுரம் போனால் இன்னும் கஷ்டம்.

ஆனால் இதே நாட்டில்தான் நொய்யலை ஒட்டி வரிசையாகக் குளங்களை வெட்டி வைத்தார்கள். காலிங்கராயன் வாய்க்கால் எழுநூறு வருடங்களுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கீழே, கசிவு நீரில் பல மாதங்கள் கால் புதைகிற நிலங்கள் உண்டு. கொட்டி, நெய்தல், நீர்முள்ளி, ஆரை எல்லாம் அங்கே கேட்பாரில்லாமல் வளர்ந்தவை. இப்போது பல குளங்களில் சாக்கடை கலந்து, மேலே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. கரை என்று இருந்த சேற்று விளிம்பு போய் நடைபாதை வந்துவிட்டது. அதனால்தான் பூச்சி பிடிக்கும் அழுகண்ணியோடு சேர்ந்து, அப்பத்தா காலத்தில் களை என்று பிடுங்கிப் போட்ட செடிகளும் இன்று 'அரிய செடி' ஆகிவிட்டன.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்பது, "செடி எங்கே கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல என்ன தண்ணி வருது?" அதற்குப் பதில் தெரிந்தால் எந்தச் செடி என்பது பாதி முடிவாகிவிடும். எங்கே வாங்குவது என்பது அதற்கப்புறம்தான்.

தண்ணீரை முதலில் அளந்துவிடுங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடிக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்குங்கள். கொங்கு நாட்டு போர் தண்ணீரில் அது ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும் இடங்கள் நிறைய. நாம் 'உப்புத் தண்ணி' என்று சொல்வது சும்மா இல்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் கொடுத்து வைத்தவை. அது மென்மையான நீர், மீட்டர் அதிகம் ஏறாது. குளோரின் வாசம் இருந்தால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு ஊற்றினால் போதும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், சேற்றில் வளரும் செடி எல்லாம் ஒரே குணம் கொண்டவை கிடையாது. குளத்துச் செடிகள் வண்டலில், சத்து நிறைந்த சேற்றில் வளர்பவை. ஓரளவு உப்பையும் தாங்கும். அழுகண்ணி வகைகள் நேர் எதிர். மழை நீர் கழுவிக் கழுவிச் சத்தே இல்லாமல் போன மணலிலும் பாறைக் கசிவிலும் வாழ்பவை. மண்ணில் கிடைக்காத தழைச்சத்துக்காகத்தான் அவை பூச்சியைப் பிடிக்கின்றன. அவற்றுக்கு 50க்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும். 100 வரை சமாளிக்கும். ஆயிரம் உள்ள தண்ணீரை ஊற்றினால் சில வாரங்களில் இலை நுனி கருகி, ஒட்டுத் துளி வராமல் போய், செடி முடிந்துவிடும்.

நல்ல தண்ணீர் இல்லாத வீட்டுக்கு மழை நீர்தான் வழி. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையை விட்டுவிட்டு, அப்புறம் பிடியுங்கள். கோடையில் ஓர் அடிக்கு ஒன்றேகால் அடித் தட்டு ஒன்று நாளுக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி மூடி வைத்தால், அந்த ஒரு தட்டை அடுத்த மழை வரை ஓட்டிவிடலாம். மழைநீர் சேகரிப்பு 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயம் ஆனதால் குழாய் அமைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, நடுவில் ஒரு டிரம் வைத்தால் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உதவும். ஆர்ஓ மிஷினில் குடிக்க வரும் தண்ணீர் சரி. வெளியே தள்ளும் கழிவு நீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

செடிகளில் மூன்று வழிகள்

முதல் வழி, நம் குளத்துச் செடிகள். என் ஓட்டு பெரும்பாலானவர்களுக்கு இதற்குத்தான். வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, நீர்முள்ளி, வசம்பு, கொட்டி, நெய்தல், அல்லி. இவற்றில் நீர்ப்பிரமிக்குத் தனி மரியாதை கொடுக்கலாம். கடலோர உவர் நிலத்திலும் வளரும் செடி அது. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு இதைவிடத் தோதான ஆரம்பம் கிடையாது. வெள்ளையும் வெளிர் நீலமும் கலந்த சின்னப் பூ, சதைப்பிடிப்பான இலை, தொட்டி விளிம்பில் வழிந்து தொங்கும்.

கொட்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள், பார்த்தவர்கள் குறைவு. குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும்; மறு மழைக்கு நீண்ட இலைகள் மேலே வந்து மிதக்கும். நம் ஊர்க் கோடைக்கென்றே செய்தது மாதிரியான குணம். நீங்கள் ஊருக்குப் போய் ஒரு மாதம் தொட்டியைக் காயவிட்டாலும் கிழங்கு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வசம்பு இதற்கு மாறானது. அதற்கு வருடம் முழுவதும் ஈரம் வேண்டும், மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். களிமண் கலந்த மண்ணில், மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் வாள் மாதிரி இலை விட்டு மெல்லப் பரவும்.

இரண்டாம் வழி, அழுகண்ணி. நம் சமவெளிக்குப் பொருந்துபவை இரண்டு. தரையோடு தரையாகக் காசு அளவில் வட்டமாகப் படரும் ட்ரோசெரா பர்மானி ஒன்று; நிமிர்ந்து, நூல் போன்ற இலைகளோடு இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ட்ரோசெரா இண்டிகா இன்னொன்று. இரண்டும் மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, விதை கொட்டிவிட்டு ஒரு வருடத்துக்குள் போய்விடும். செடி காய்ந்ததைப் பார்த்து வருத்தப்படுபவர்கள் உண்டு. விதையை எடுத்து வைத்திருந்தால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கூடவே, அக்வேரியக் கடைகளில் தரை விரிப்புச் செடியாக விற்கும் யூட்ரிகுலேரியா கிராமினிஃபோலியாவையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்துப் பூச்சி பிடிக்கும் செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளில் இயல்பாகவே வளர்வது என்பது பல கடைக்காரர்களுக்கே தெரியாது.

மூன்றாம் வழி, ஊட்டிச் சதுப்புச் செடிகள். நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் ஈரமான இடங்களில் ட்ரோசெரா பெல்டேட்டா, தரை ஆர்க்கிடுகள், இன்னும் எத்தனையோ பார்க்கலாம். பார்த்ததும் ஒன்றைக் கொண்டு வந்து வைக்கலாமா என்று மனசு கேட்கும். வேண்டாம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர் இரவுக்குப் பழகிய செடி, சித்திரையில் 38, 40 டிகிரி அடிக்கும் ஈரோட்டு மாடியில் என்ன செய்யும்? சட்டமும் இடம் தராது. காப்புக் காட்டில் செடி பிடுங்குவது 1882ஆம் வருடத்து வனச் சட்டப்படியே குற்றம். முக்குருத்தி தேசியப் பூங்கா, ஆனைமலை புலிகள் காப்பகம் போன்ற இடங்களுக்கு 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு ஓரக் குறிப்பு: ஆன்லைனில் 'இந்திய பிட்சர் பிளாண்ட்' என்று வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தியாவுக்கே உரிய குடுவைச் செடி நெபந்தஸ் காசியானா ஒன்றுதான். அது மேகாலயாப் பக்கத்துச் செடி. அதை உரிமம் இல்லாமல் வளர்க்கக்கூட முடியாது. விற்பவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கலப்பினங்கள். அவற்றை வளர்ப்பதில் தப்பில்லை, ஆனால் நாட்டுச் செடி என்ற பேச்சுக்கே இடமில்லை. வீனஸ் ஃப்ளைடிராப்பும் அப்படித்தான். அமெரிக்கக் கரோலினாச் செடி, அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், நம் ஊரில் அந்தக் குளிர் வராது.

எங்கே வாங்குவது

உழவர் சந்தையில் இருந்து ஆரம்பியுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இதைவிட மலிவான நாற்றங்கால் எனக்குத் தெரியாது. வல்லாரைக் கட்டு வாங்கினால் அதில் கொடியும் வேரும் ஒட்டிய துண்டுகள் கட்டாயம் இருக்கும். பொன்னாங்கண்ணித் தண்டைக் கணுவோடு சேற்றில் சொருகினால் ஒரு வாரத்தில் வேர் விடும். ஆரைக்கீரையும் வேரோடு வந்தால் பிடித்துக்கொள்ளும். காலையில் நேரமே போனால் வாடாததாகப் பொறுக்கலாம். நாட்டு மருந்துக் கடை வசம்பு மட்டும் இதற்கு உதவாது, உலர்த்தியது, முளைக்காது.

அடுத்தது சொந்தக்காரர், தெரிந்தவர் தோட்டம். கோபி, பவானி, பெருந்துறைப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் யாராவது இருந்தால், நெல் வயல் வரப்பிலும் கசிவு ஓடையிலும் நீர்முள்ளி, நீர்ப்பிரமி, கரிசலாங்கண்ணி கிடைக்கும். கேட்டால், "இந்தக் களையவா கேக்கறீங்க? எடுத்துட்டுப் போங்க சாமி" என்பார்கள். அவர்கள் நிலத்தில், அவர்களைக் கேட்டு, இருப்பதில் ஒரு பிடி எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.

பொதுக் குளத்தில் எடுப்பது வேறு கதை. எனக்கு அதில் உடன்பாடில்லை, மூன்று காரணம் சொல்வேன். திருப்பூர் நஞ்சராயன் குளம், ஈரோடு வெள்ளோடு போன்றவை பறவைகள் சரணாலயங்கள். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் 2024இலும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே செடியில் கை வைக்கவே கூடாது. மற்ற குளங்களில் சாக்கடையும் சாய நீரும் வந்த வரலாறு இருக்கிறது. நொய்யல் சாயக் கழிவால் 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீர்ச் செடிகள் கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்படி ஓர் இடத்து வல்லாரையைத் துவையல் அரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியாக, ஒரு வாளிச் சேற்றோடு ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று வந்துவிட்டால் உங்கள் தொட்டியின் கதை முடிந்தது.

கோவையில் இருப்பவர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு வசதி. மூலிகைப் பயிர்த் துறையில் வசம்பு, நீர்ப்பிரமி மாதிரியானவை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. இருப்பு மாறிக்கொண்டே இருக்கும். விலை நியாயமாக இருக்கும், அதைவிட முக்கியம் பெயர் சரியாக இருக்கும். அதே வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் 1955இல் இருந்து இயங்குகிறது. அங்கே செடி விற்பதில்லை. ஆனால் கையில் இருக்கும் செடி உண்மையில் எது என்று சந்தேகம் வந்தால், அடையாளம் காட்டித் தரக்கூடிய பெரிய உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது.

தனியார் நர்சரிகளில் செடி ஆரோக்கியமாக இருக்கும், பெயர்தான் வம்பு. 'வல்லாரை' என்று கேட்டால் இலைக் காம்பு இலையின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்ட இலைச் செடியைத் தருவார்கள். அது வெளிநாட்டு ஹைட்ரோகாட்டைல். நம் வல்லாரையில் இலை பிளந்து, அந்தப் பிளவில்தான் காம்பு சேரும். சிவப்புப் பொன்னாங்கண்ணி அழகுதான், ஆனால் வந்தேறி. பச்சையாகவே இருந்தாலும் பூவைப் பாருங்கள்: நாட்டுப் பொன்னாங்கண்ணியில் பூ இலைக் கக்கத்தில் ஒட்டியே இருக்கும், தனிக் காம்பில் உயர்ந்து நின்று, தண்டும் குழலாக இருந்தால் அது அலிகேட்டர் களை, வீட்டுக்குள் விடாதீர்கள். நீல அல்லி வாங்கும்போது இலையின் நடுவில் குட்டிச் செடி முளைத்திருந்தால் அது நம் நெய்தல் இல்லை, கலப்பினம். இரவில் மலரும் நாட்டு அல்லிக்கு இலையின் அடிப்புறம் மென்மயிர் இருக்கும், விளிம்பு பல் பல்லாக இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாளையார் தாண்டி கேரளத்தில் அல்லி, தாமரை வளர்ப்பவர்கள் நிறைய. கிழங்கு கூரியரில் வந்துவிடும். கலப்பினங்களே அதிகம் என்பதால், நாட்டு வகைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லி, பூவின் படத்தோடு இலையின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அழுகண்ணிக்கு நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்றுதான்: வளர்ப்பவர்களிடம் விதை. ஒரு பர்மானிச் செடி நூற்றுக்கணக்கில் விதை கொடுக்கும். ஒரு காகித உறையில் அனுப்பிவிடலாம், வளர்ப்பவர்கள் பலர் தபால் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். செடியாகவே விற்பவரிடம் வாங்கினால் எங்கிருந்து எடுத்தது என்று கவனியுங்கள். வேரில் செம்மண்ணோ செம்புறை மண்ணோ ஒட்டியிருக்கிறதா, கூடவே காட்டுப் புல் வருகிறதா, பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கிறதா, மழை மாதங்களில் மட்டும் 'ஸ்டாக்' வருகிறதா? எல்லாமே ஆம் என்றால் அது எங்கோ ஒரு பாறைக் கசிவில் இருந்து பிடுங்கியது. ஏற்கெனவே மருந்துக்காகச் சேகரித்து ஒடுங்கிப்போன செடி இது. காட்டில் எடுத்தது புது இடத்தில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. யூட்ரிகுலேரியா வாங்கினால் திசு வளர்ப்புக் கோப்பையில் வருவதை எடுங்கள். அதில் நத்தை முட்டை, பாசி எதுவும் வராது.

தொட்டியும் மண்ணும்

குளத்துச் செடிக்குப் பழைய கல் தொட்டி, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப், பாதியாக அறுத்த சின்டெக்ஸ் எதுவும் சரி. புது சிமெண்ட் தொட்டி என்றால் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிச் சுண்ணாம்பைப் போக்கிவிட்டு நடுங்கள். செம்மண்ணும் கொஞ்சம் களிமண்ணும் போதும். பல்லடம் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலைத் தேடிப் போக வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கை இறைத்து வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும்.

சேற்றுப் படுகை வேண்டுமென்றால் டப்பின் அடியில் ஓட்டை போடாதீர்கள். விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, மேல் வரை மண் நிரப்புங்கள். மேலே தண்ணீர் நிற்காது, உள்ளே எப்போதும் ஈரம் இருக்கும். கொசுவும் முட்டையிட இடம் கிடைக்காது. டெங்கு சோதனைக்கு வருகிறவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம். தண்ணீர் நிற்கும் அல்லித் தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் சரி, ஆனால் அந்த மீனைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

அழுகண்ணிக்குப் பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவும் வெள்ளை சிலிக்கா மணலும் பாதிக்குப் பாதி. நார்க் கழிவில் இரண்டு தரம் உண்டு. கழுவி உப்பு நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் மழை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரில் மீட்டர் இறங்கும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். எம்-சாண்ட் வேண்டாம். சாணி, மண்புழு உரம், பஞ்சகவ்யா எதுவும் வேண்டாம். கொங்கு நாட்டுத் தோட்டக்காரர் கைக்கு இது கஷ்டமான கட்டளை என்று தெரியும், ஆனால் ஒரு கரண்டி பஞ்சகவ்யா போதும் அதைக் கொல்ல.

சரி, எந்த வீட்டுக்கு எது? உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கும் திருப்பூர், பல்லடம், காங்கேயம் வீடு என்றால் நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, நெய்தல். அழுகண்ணி ஆசையிருந்தால் மழை நீர் டிரம் வைத்த பிறகு பார்க்கலாம். சிறுவாணி வரும் கோவை அடுக்குமாடியில் ஒரு நல்ல வெயில் பால்கனி இருந்தால் நேராக அழுகண்ணி விதையோடு ஆரம்பித்துவிடலாம். இடம் ஒரு தட்டு அளவுதான். வாய்க்கால் பாசனத் தோட்டம் உள்ளவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. கசிவு ஓடையில் பத்தடி நீளத்தைக் களைக்கொல்லி படாமல் விட்டு, வசம்பையும் கொட்டியையும் மட்டும் கொண்டுவந்து சேர்த்தால் மற்றவை தானாக வரும்.

குளத்துச் செடிகளை ஆடியில் இருந்து எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், பங்குனி சித்திரை மட்டும் தவிர்க்கலாம். அழுகண்ணி விதையை ஆனி, ஆடியில் ஈர மண் மேல் தூவுங்கள், மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தட்டில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் மழை நீர் எப்போதும் நிற்கட்டும். ஐப்பசியின் அடைமழை நேரடியாக அடித்தால் நாற்று மண்ணோடு புரண்டுவிடும், அந்த வாரங்களில் மட்டும் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள். தை, மாசியில் பூத்த காம்பு பழுப்பானதும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மிளகுத்தூள் போலக் கறுப்பு விதை கொட்டும். அதை மடித்து, தேதி எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆனிக்கு உங்களுக்கும் கேட்பவர்களுக்கும் போதும்.